குங்குமம் வைத்த ஒட்டகங்கள்

கொலுவின் இரண்டாம் நாள் சாயங்காலம். விளக்கேற்றிவிட்டு, சுண்டல் சட்டியோடு அடுக்களையிலிருந்து கூடத்துக்கு வருகிறேன். பக்கத்து குவார்ட்டர்ஸ் சரோஜாக்கா தரையில் மண்டி போட்டு உட்கார்ந்து, என் ஆப்கானியப் படையின் ஒட்டகங்களுக்கு வரிசையாகக் குங்குமம் வைத்துக்கொண்டிருக்கிறார்.

"அக்கா! என்ன செய்யுதீங்க?"

"நந்தியெல்லாம் வெறும் விபூதியோட இருக்குதுங்க அம்மிணி. நல்ல நாளும் அதுவுமா நெத்தியில பொட்டு இல்லாம இருக்கலாமுங்களா?"

"அது நந்தி இல்லைக்கா. ஒட்டகம்."

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு ஒட்டகத்தைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"சுண்டல் என்னங்க, கடலையா மொச்சையா?" என்று கேட்டார்.

போன வாரம் இந்தத் தொடரில், நாங்கள் மூட்டை முடிச்சோடு நெய்வேலி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கிய கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு அக்கா கோயமுத்தூரிலிருந்து போன் செய்தார். "ஊரு பேரெல்லாம் எழுதறீங்க, என்னையப் பத்தி ஒரு வார்த்தை காணமே" என்று குறைப்பட்டுக்கொண்டார். இந்த வாரம் முழுக்க நீங்கள்தான் அக்கா. படித்துவிட்டுத் திட்டக்கூடாது.

ஆனால் அந்த ஒட்டகங்கள் எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தன என்பதைச் சொன்னால்தான் மற்றது புரியும். அதற்கும் முன்னால் என் வாயைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஊரறிந்த வாய்

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் என் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. "இவளைக் கெட்டுறவன் காதுல பஞ்சு வச்சுக்கிடணும்" என்று அத்தை சொல்லிக்கொண்டே இருப்பாள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண் நான். வரலாறு படித்தேன். அதன் பிறகு டீச்சர் டிரெயினிங். "பொம்பளப் பிள்ளைய எதுக்குடே இம்புட்டுப் படிக்க வைக்க?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் அப்பா ஒரே பதில்தான் வைத்திருந்தார். "அது டீச்சராகும்."

ஆகவில்லை. கல்யாணம்தான் ஆயிற்று. எங்கள் வீட்டுக்காரருக்குச் சுரங்கத்தில் வேலை. ஒரு வாரம் முதல் ஷிப்ட், ஒரு வாரம் ரெண்டாம் ஷிப்ட், ஒரு வாரம் நைட். அவர் தூங்கும்போது நான் விழித்திருப்பேன், நான் தூங்கும்போது அவர் பஸ்ஸுக்கு ஓடுவார். மனிதர் பேச்சிலும் படு சிக்கனம். 'ம்' என்றால் சரி, 'ம்ம்' என்றால் ரொம்பச் சரி.

எண்பதுகளின் தொடக்கம் அது. டவுன்ஷிப்பில் எந்தத் தெருவைப் பார்த்தாலும் ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி வேலி, வேலிக்குள் ஒரே மாதிரி முருங்கை. பேச ஆளில்லாமல் நான் முருங்கையோடு பேசிக்கொண்டிருந்த காலம். அப்போதுதான் டவுன்ஷிப்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு டீச்சர் வேலை காலி என்று தெரிந்தது. தெரியப்படுத்தியது சரோஜாக்கா. கம்பெனி பஸ் நிற்கும் இடம் அவர் வீட்டு வாசலுக்கு நேர் எதிரில். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் பேசுவது அத்தனையும் அவர் காதுக்கு வந்துவிடும்.

அந்த வேலை எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று இப்போது சொன்னால் கூடச் சிரிப்பு வரும். விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து கனவில் சாக்பீஸ் வந்தது.

அடைத்துக்கொண்ட வாய்

இன்டர்வியூவில் மூன்று பேர். நடுவில் தலைமை ஆசிரியை கனகவல்லி மேடம். கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, மூக்கில் இறங்கிய கண்ணாடி. புத்தகத்தில் இருப்பதைக் கேட்க மாட்டார் என்று ஊரே சொல்லியிருந்தது. அதே போலக் கேட்டார்.

"ஆப்கானியர்கள் பாரசீகத்தைக் கவிழ்த்த போர் எது? அவ்வளவு பெரிய பாரசீகப் படை ஏன் தோத்துச்சு?"

ஐயோ, எனக்கு அந்தப் பதில் தெரியும்! கல்லூரி நூலகத்தில் தூசி தட்டி எடுத்த ஒரு தடிப் புத்தகத்தில் அந்தப் போரை ஆசை ஆசையாகப் படித்திருந்தேன். பரீட்சைக்கு வராத பாடம்தான் எனக்கு எப்போதும் பிடிக்கும். குல்னாபாத். பாரசீகத் தலைநகர் இஸ்பஹானுக்கு வெளியே ஒரு சமவெளி. எல்லாம் தொண்டை வரை வந்தது.

தொண்டையோடு நின்றுவிட்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றுகிறது, மூன்று பேரும் என் வாயையே பார்க்கிறார்கள்.

"தெரியுமா, தெரியாதா?"

ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் நடுவில் தலையை ஆட்டினேன். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "சரி, போகலாம்" என்றார்.

வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரர் கைலியோடு வாசலில் நின்றார்.

"என்னாச்சு?"

"வாயடைச்சுப் போச்சு."

"உனக்கா?" என்றார். கல்யாணமான நாள் முதல் அவர் இவ்வளவு ஆச்சரியப்பட்டு நான் பார்த்ததில்லை.

அன்று பாத்திரம் தேய்த்துக்கொண்டே அந்தப் போரை முதலிலிருந்து கடைசி வரை ஒரு எழுத்து விடாமல் குழாயடியில் சொன்னேன். சொல்லச் சொல்ல அழுகையாக வந்தது. அப்பாவுக்கு என்னவென்று எழுதுவது?

ஒரு மாதம் கழித்து அக்கா மூச்சிரைக்க வந்தார். "அம்மிணி, அந்த வேலைக்கு எடுத்த பொண்ணு சேரவே இல்லையாமா. வேற ஊர்ல கெடைச்சுப் போயிருச்சாமா. பூஜை லீவு முடிஞ்சதும் வேற ஆள் பார்ப்பாங்களாமா!"

போய்க் கேட்கலாம்தான். போனால் மறுபடியும் அதே நாற்காலி, அதே கண்ணாடி, அதே நாக்கு. இரண்டு நாள் யோசித்தேன். கனகவல்லி மேடம் யார் கொலுவுக்கு அழைத்தாலும் தட்டாமல் வருவார் என்பது டவுன்ஷிப்பில் எல்லோருக்கும் தெரியும். சட்டென்று பொறி தட்டியது. வாய் பேசாவிட்டால் என்ன, பொம்மை பேசட்டும்!

திருவதிகையில் ஆள் எடுப்பு

நெய்வேலிக் கொலுவைப் பற்றி ஒரு வார்த்தை. மேல் படிகளில் எல்லார் வீட்டிலும் கலசம், மரப்பாச்சி, தசாவதாரம், செட்டியார் செட்டிச்சி என்று ஊர் வழக்கப்படிதான் இருக்கும். கீழே தரையில் போடும் பார்க்கில்தான் போட்டி. திருநெல்வேலியில் என்றால் தெப்பக்குளம் வைப்போம். இங்கே வீட்டுக்கு வீடு சுரங்கம்! நிஜ நிலக்கரித் துண்டுகளைக் குவித்து, கறுப்பு ரிப்பனில் கன்வேயர் பெல்ட் விட்டு, தீப்பெட்டியில் லாரி செய்து நிறுத்துவார்கள். எங்கள் தெருக்கோடியில் ஒரு வீட்டில் பேட்டரி போட்டால் சக்கரம் சுற்றும் மண்வெட்டி இயந்திரமே வைத்திருந்தார்கள். அதைப் பார்க்க ஷிப்ட் முடிந்த ஆண்கள் கூட வருவார்கள். நாள் பூராவும் சுரங்கத்தில் நின்றுவிட்டு சாயங்காலம் வந்து பொம்மைச் சுரங்கத்தில் குற்றம் கண்டுபிடிப்பதில் அவர்களுக்கு ஒரு சுகம்.

நான் சுரங்கம் வைக்கவில்லை. குல்னாபாத்தை வைப்பது என்று முடிவு செய்தேன்.

வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு பண்ருட்டிக்கு பஸ் ஏறினேன். பக்கத்தில் திருவதிகையில் கோவிந்தசாமி என்று ஒரு பொம்மைக்காரர் இருந்தார். வாசலெல்லாம் காயப் போட்ட பொம்மைகள். கால் வைக்க இடமில்லை.

"ஒட்டகம் வேணும். மண்டி போட்டு உட்கார்ந்த ஒட்டகம். முதுகுல சின்னதா ஒரு பீரங்கி இருக்கணும்" என்றேன்.

கோவிந்தசாமி என் வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் வானத்தைப் பார்த்தார்.

"ஒட்டகத்துக்கு நம்மகிட்ட அச்சு கெடையாதுங்க. தசாவதாரம் இருக்குது, கல்யாண செட்டு இருக்குது, பேண்டு வாத்தியம் இருக்குது. ஒட்டகத்த நான் கண்ணால பார்த்ததே இல்லீங்க. சர்க்கஸ் வந்தப்பகூட ஜுரம் வந்து வூட்டுலயே படுத்துகினு இருந்தேன்."

"உட்கார்ந்த மாதிரி வேற எந்த அச்சும் இல்லியா?"

"நந்தி இருக்குதுங்க."

கரித்துண்டை எடுத்துத் தரையில் படம் போட்டேன். கழுத்தை நீட்டணும், கொம்பை எடுக்கணும், முதுகு நடுவில் திமில் வைக்கணும், திமில் மேல் விரல் நீளத்துக்கு ஒரு குழாய் வைக்கணும். அவர் குந்தி உட்கார்ந்து எல்லாப் பக்கமிருந்தும் படத்தைப் பார்த்தார்.

"இது பாவம்னு ஆயிடாதுங்களே?"

"ஆகாது. நானாச்சு."

பாரசீகப் படைக்கு ஆள் பஞ்சமில்லை. தங்கப் பட்டை போட்ட சிவப்புக் கோட்டுகளில் பேண்டு வாத்தியக் குழு தயாராக இருந்தது. அதில் இரண்டு செட் எடுத்துக்கொண்டேன். ஆப்கானியர்கள் பாலைவனம் தாண்டிக் களைத்து வந்தவர்கள். வர்ணமடிக்காமல் மூலையில் கிடந்த மண் சிப்பாய்களைக் கூடையோடு வாங்கினேன். இரண்டு தலையாட்டிப் பொம்மைகளும் வாங்கினேன். அவை எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

திரும்பும்போது பஸ்ஸில் வீட்டுக்காரர் வெகு நேரம் யோசித்துவிட்டு வாயைத் திறந்தார். "கிளாரினெட் வாசிக்கிறவன் எப்படிச் சண்டை போடுவான்?"

"அதான் தோத்தாங்க" என்றேன்.

"ம்ம்" என்றார்.

மகாளய அமாவாசைக்கு முந்தின நாள் ஒட்டகங்களை வாங்கப் போனேன். கோவிந்தசாமி நன்றாகத்தான் செய்திருந்தார். கழுத்து நீளம், திமில், குழாய் எல்லாம் கச்சிதம். ஆனால் ஒவ்வொரு ஒட்டகத்தின் நெற்றியிலும் பளிச்சென்று மூன்று பட்டை விபூதி. கழுத்தில் மணி மாலை.

"என்னங்க இது!"

"வர்ணம் பூசுறது எங்க வூட்டுப் பொம்பளைங்க. கைப்பழக்கம். உட்கார்ந்த மாட்டக் கண்டா பட்டை போட்டுடும். அழிச்சா மண்ணு தெரியுங்க, அப்படியே வச்சுக்குங்க" என்றார்.

மறுநாள் படி கட்ட வேண்டும். வேறு வழியில்லை, வாங்கிக்கொண்டு வந்தேன்.

கூடத்தில் குல்னாபாத்

ஒரு பக்கம் இஸ்பஹான் நகரம். மூன்று பித்தளைக் கிண்ணங்களைக் கவிழ்த்து, நீலத் தாள் ஒட்டிக் குவிமாடங்களாக்கினேன். நகரத்துக்கு முன்னால் மினுமினுவென்று பாரசீகப் படை. எதிர்ப்பக்கம் ஆப்கானிய மண் சிப்பாய்கள். அவர்களுக்குப் பின்னால், வெளியே தெரியாதபடி மண்டி போட்ட ஒட்டகங்கள். நடுவில் சமவெளி. அதில் வழக்கம் போலக் கேழ்வரகு தூவித் தண்ணீர் தெளித்தேன்.

இனி ஒன்பது நாள் எதையும் அசைக்க முடியாது. கலசம் வைத்த பிறகு கொலுப் பொம்மையை இடம் மாற்றக்கூடாது, விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைக்கும் வரை வைத்தது வைத்தபடிதான். இது உங்களுக்கும் தெரியும்.

இரண்டாம் நாள் அக்கா வைத்த குங்குமம் ஆரம்பம்தான். அக்கா வைத்தால் தெருவே வைத்த மாதிரி. மூன்றாம் நாள் ஒருவர் ஒட்டகங்களுக்கு அறுகம்புல் சாத்தினார். நான்காம் நாள் இன்னொருவர் பீரங்கிக் குழாயை ஊதுபத்தி ஸ்டாண்டு என்று நினைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு ஊதுபத்தியைச் செருகிக் கொளுத்திவிட்டார். பீரங்கி நிஜமாகவே புகைந்தது. சரி, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது என்று அதை மட்டும் விட்டுவிட்டேன்.

வருகிறவர்களிடமெல்லாம் ஒட்டகம், ஒட்டகம் என்று சொல்லிப் பார்த்தேன். "ஆமாமா" என்பார்கள். கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். போய்விடுவார்கள். அக்காவிடம் போரை ஒரு தடவை முழுக்கச் சொன்னேன். அக்கா சுண்டலில் மாங்காய்த் துருவல் இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம் என்றார்.

ஐந்தாம் நாள் குங்குமச் சிமிழோடு கனகவல்லி மேடம் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். கதவைத் திறந்தார். மறுபடியும் நாக்கு ஒட்டிக்கொண்டது. பாவி நாக்கு! சிமிழை நீட்டினேன். அவர் குங்குமம் எடுத்து இட்டுக்கொண்டு, "எந்த வீடு?" என்று கேட்டார். கையால் திசையைக் காட்டினேன். கூட வந்த அக்காதான் வீட்டு நம்பரைச் சொன்னார்.

மேடம் வந்தார்

எட்டாம் நாள் சாயங்காலம், சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள், வந்துவிட்டார். கூட இரண்டு டீச்சர்கள். கூடம் நிறைய பெண்கள். யாரோ பாட ஆரம்பித்து, மேடத்தைக் கண்டதும் பாதியில் நிறுத்தினார்கள். வீட்டுக்காரர் முதல் ஷிப்ட் முடித்துவிட்டு உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார்.

மேல் படிகளை மேடம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு குனிந்தார். கேழ்வரகு முளைத்துச் சிப்பாய்களின் இடுப்பு வரை வளர்ந்திருந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"இது என்ன?"

கூடமே என்னைப் பார்த்தது. இதற்குத்தானே இவ்வளவும்! இதற்குத்தானே திருவதிகைக்கு அலைந்தேன்! வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. மேடத்தின் முகத்தில் அந்த இன்டர்வியூ நாளின் பார்வை வருவது தெரிந்தது. போச்சு, எல்லாம் போச்சு!

நான் தவிப்பதை அக்கா பார்த்துவிட்டார். தங்கமான மனசு அவருக்கு. என்னைக் காப்பாற்ற முன்னால் வந்தார்.

"நான் சொல்றேனுங்க மேடம். இது நம்ம திருவதிகைத் தல புராணமுங்க. திரிபுரம் எரிச்ச கதை. அதா பாருங்க, மூணு கோட்டை" என்று என் இஸ்பஹான் கிண்ணங்களைக் காட்டினார். "செவப்புக் கோட்டு போட்டு, மீசை வச்சுக்கிட்டு நிக்கிறாங்களே, அவங்கெல்லாம் அசுரருங்க. இந்தப் பக்கம் சிவபெருமான் படை. பூத கணமுங்க, அதான் மண்ணு நெறத்துல இருக்குது. பொறத்தால நந்தி."

பெண்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். "அட, ஆமாம்!" என்றார் ஒருவர். எனக்கே ஒரு நிமிஷம் அப்படித்தான் தெரிந்தது. மூன்று கோட்டை, விபூதி போட்ட நந்தி. எதிலும் குறை சொல்ல முடியவில்லை.

மேடம், "அப்படியா?" என்றார்.

அக்காவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ஆனா பாருங்க மேடம், இத்தனை படை இருந்தும் சண்டையே நடக்கலீங்க. சிவபெருமான் அம்பு கூட விடலை. சும்மா ஒரு சிரிப்புத்தான் சிரிச்சாரு. மூணு கோட்டையும் எரிஞ்சு போச்சுங்க!"

சண்டையே நடக்கவில்லையா?

எனக்குள் என்னவோ வெடித்தது. சிவபெருமான் மன்னிக்கட்டும், அவர் சிரித்த கதையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் என் கூடத்தில், என் குல்னாபாத்தில், சண்டையே நடக்கவில்லையா?

"சவத்த எளவு! நடக்கலையா?" என்றேன்.

கோபம் வந்தால் எனக்குத் திருநெல்வேலி வந்துவிடும்.

"அக்கா, எத்தனை தடவை சொன்னேன்! அது நந்தியும் இல்லை, இது திரிபுரமும் இல்லை. இது இஸ்பஹான்! இவங்க பாரசீகப் படை. ராஜா வீட்டுப் படை, மினுக்குக்குக் குறைச்சல் இல்லை. எதிர்ல நிக்கிறவன் ஆப்கானியன். பாலைவனத்துல காஞ்சு கருவாடா வந்தவன். இவங்கள்ல பாதிகூட இருக்க மாட்டான். ஊதுனா பறந்திருக்கணும். பறந்தானா? இல்லை! ஏன்?"

பதிலுக்குக் காத்திருக்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏன்னா இந்தப் படைக்கு ரெண்டு தளபதி." பாரசீகப் படைக்குப் பின்னால் இருந்த இரண்டு தலையாட்டிப் பொம்மைகளையும் சுண்டிவிட்டேன். ஒன்று மேலும் கீழும் ஆட்டியது, இன்னொன்று பக்கவாட்டில் ஆட்டியது. "ஒருத்தர் இப்பவே பாயணும்னாரு, இன்னொருத்தர் பொறுக்கணும்னாரு. கடைசியில ஒருத்தர் இந்தப் பக்கமா பாஞ்சு, எதிரி கூடாரத்தைக் கொள்ளையடிக்கப் போயிட்டாரு. இன்னொருத்தர் அந்தப் பக்கமா நேரா ஏறினாரு. ஆப்கானியன் பின்வாங்கினான். ஓடுறான் ஓடுறான், விடாதேன்னு இவங்க துரத்துறாங்க."

கையை நீட்டி ஆப்கானிய முன் வரிசையை இரண்டாகப் பிரித்துப் பக்கவாட்டில் தள்ளினேன்.

"ஐயோ, கொலுவைக் கலைக்கலாமுங்களா அம்மிணி!" என்று அக்கா நெஞ்சில் கை வைத்தார். பின்னால் யாரோ "சிவ சிவா" என்றார்கள். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. கேழ்வரகு முளைகளைக் கையால் விலக்கினேன்.

"அவன் ஓடலை! விலகி வழி விட்டான். பின்னால பாருங்க. மண்டி போட்ட ஒட்டகம். முதுகுல சின்னப் பீரங்கி. சம்பூரக்னு பேரு, குளவின்னு அர்த்தம். பக்கத்துல வர வரைக்கும் சத்தம் காட்டாம உட்கார்ந்திருந்துச்சு. வந்ததும் டமார், டமார், டமார்!"

ஒவ்வொரு டமாருக்கும் ஒரு பேண்டு வாத்தியக்காரரைக் கவிழ்த்தேன். கிளாரினெட்காரர் உருண்டு மேடத்தின் காலடியில் போய் விழுந்தார்.

உள்ளறைக் கதவு திறந்தது. கைலியை இறுக்கிக்கொண்டே வீட்டுக்காரர் கண்ணைக் கசக்கியபடி நின்றார். "யாரோட சண்டை?"

"பாரசீகத்தோட!" என்றேன்.

"ம்" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

கூடத்தில் முதலில் சிரித்தது மேடம்தான். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்ததும் மற்றவர்களுக்கும் தைரியம் வந்தது. அக்கா மட்டும் ஒட்டகங்களையே பார்த்துக்கொண்டு, "அப்பொ நான் குங்குமம் வச்சது பீரங்கிக்குங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

மேடம் குனிந்து கிளாரினெட்காரரை எடுத்தார்.

"அப்புறம்?"

"அப்புறம் எல்லாரும் நகரத்துக்குள்ள ஓடிப் பூட்டிக்கிட்டாங்க மேடம். ஆப்கானியன் வெளியில காவல் உட்கார்ந்தான். மாசக்கணக்கா முற்றுகை. உள்ள சோறு இல்லை. கடைசியில ராஜாவே கிரீடத்தைக் கொண்டு வந்து குடுத்தாரு."

"இவ்வளவும் அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"அப்போ ஏம்மா சொல்லலை?"

கோபம் இன்னும் முழுசாக இறங்கவில்லை. அதனால் நாக்கும் ஒட்டவில்லை. மனசில் இருந்தது அப்படியே வந்தது.

"நீங்க சரியாக் கேட்டீங்க மேடம். தப்பாச் சொல்லியிருந்தீங்கன்னா அன்னைக்கே பேசியிருப்பேன்."

மேடம் வெற்றிலை பாக்கு, மஞ்சள், ரவிக்கைத் துணி எல்லாம் வாங்கிக்கொண்டார். இரண்டாம் தடவை சுண்டல் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வாசல் வரை போய்விட்டுத் திரும்பினார்.

"லீவு முடிஞ்சு திங்கக்கிழமை காலையில சர்டிபிகேட்டெல்லாம் எடுத்துக்கிட்டு வாங்க. முதல்ல டெம்பரரிதான். எட்டாம் வகுப்பு சி பிரிவு."

அவர் தலை மறைந்ததும் நான் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதேன். அக்காவும் அழுதார். எதற்கு அழுகிறோம் என்று அவருக்குத் தெரியுமா என்பது எனக்கு இன்று வரை சந்தேகம். பிறகு இரண்டு பேருமாகக் கற்பூரம் ஏற்றி, கொலுவைக் கலைத்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம். அக்கா எதற்கும் இருக்கட்டும் என்று ஒட்டகங்களுக்கும் ஒரு தடவை காட்டினார்.

எட்டாம் வகுப்பு சி பிரிவு

திங்கட்கிழமை. கல்யாணத்துக்கு எடுத்த புடவைகளில் கனமில்லாத ஒன்றைத் தேடி உடுத்திக்கொண்டு போனேன். மேடமே வகுப்புக்கு அழைத்துப் போனார். நாங்கள் வராந்தாவில் வரும்போதே சந்தைக்கடை இரைச்சல் கேட்டது. உள்ளே நுழைந்ததும் சத்தம் அடங்கி, அத்தனை பிள்ளைகளும் எழுந்து நின்றார்கள்.

"புது ஹிஸ்டரி டீச்சர். உங்களுக்கு ஒரு பெரிய போரைப் பத்திச் சொல்லப் போறாங்க" என்றார் மேடம்.

பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். அத்தனை ஜோடிக் கண்களும் என் வாயின் மேல். சாக்பீஸை எடுத்தேன். கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். மறுபடியும் பிள்ளைகள் பக்கம் திரும்பினேன்.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

முதல் பெஞ்சில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவுக்கு அதற்குள் கடிதம் எழுதிப் போட்டுவிட்டேன். அது பாளையங்கோட்டை போய்ச் சேரும் முன்பே வேலை போய்விடும் போலிருந்தது.

மேடம் வாசல் வரை போனவர், நிலைப்படியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பிள்ளைகளைப் பார்த்து, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்:

"ஒண்ணுமில்லை பசங்களா. ஆப்கானியர்கள் கப்பல்ல வந்து இறங்கித்தான் பாரசீகத்தைப் பிடிச்சாங்க. மீதியை டீச்சர் சொல்வாங்க."

"கப்பலா!" என்றேன்.

டி பிரிவு வரைக்கும் கேட்டதாம்.